இத்தாவில் பார்த்த பேய்ப்படம்

படத்தில் பேசியது ஸ்பானிஷ் மொழி. எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. திரையின் அடியில் ஓடியது அரபு எழுத்து. அதை எனக்கு வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. என் கணவரின் தங்கைக்குப் பொருள் தெரியும், ஆனால் கண்ணில் புரை விழுந்திருந்ததால் வாசிக்க முடியாது. என் மகளுக்கு ரிமோட்டைப் பிடித்துப் படத்தை நிறுத்தவும் ஓடவிடவும் தெரியும். இப்படி மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு பேய்ப்படத்தைக் கிட்டத்தட்ட ஒரு கிழமையாகப் பார்த்தோம்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருப்பதை நாங்கள் இத்தா என்போம். அந்தக் காலத்தில் படம் பார்த்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொதுவாகவே நான் கூச்சப்படுகிறவள். சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும்போது மட்டும் என் குரல் வெளியே வரும். மற்ற நேரத்தில் கடைக்காரனிடம் ஒரு றாத்தல் பாண் கேட்பதற்கும் மகளை அனுப்புவேன்.

என் கணவர் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். அக்குறணையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவு இஷாத் தொழுகை நேரத்துக்குத்தான் திரும்புவார். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை பூட்டு. அன்றைக்கு அவர் படம் பார்ப்பார். அதுவும் பேய்ப்படம்தான். எந்த நாட்டுப் படம், எந்த மொழி என்று பார்க்க மாட்டார். கூட வேலை செய்த பொடியன்மார் ஒரு பென் டிரைவில் நிரப்பிக் கொடுப்பார்கள். "பேய்க்கு பாஷ இல்ல" என்பார். என்னையும் வந்து உட்காரச் சொல்வார். எனக்கு அடுப்படியில் வேலை இருக்கும், இல்லாவிட்டால் பின்னேரத்து அஸர் தொழ வேண்டியிருக்கும். திரையிலிருந்து யாராவது அலறும் சத்தமும், அவர் சிரிக்கும் சத்தமும் மட்டும் அடுப்படிக்கு வரும். பேய் வந்தால் சிரிக்கிற ஒரே மனிதரை நான் அவரில்தான் கண்டேன்.

எல்லோரும் முகக்கவசம் போட்டுத் திரிந்த காலத்தில் அந்தத் தொற்று நோய் நாடு முழுக்கப் பரவியபோது அவருக்கும் வந்தது. காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனார். தானே நடந்து போய் ஏறினார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார், ஒரு காலில் அவருடையது, மறு காலில் மகளுடையது. வாசலில் வைத்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டி எங்களை உள்ளே இருக்கச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் பின்னேரம் போன் வந்தது.

அந்த நோயில் மவுத்தானவர்களை, இறந்தவர்களை, எந்த மதத்தவராக இருந்தாலும் எரிக்க வேண்டும் என்று அப்போது சட்டம். எங்களில் ஒருவரை எரிப்பது என்றால் என்னவென்று எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு சொல்லலாம். நாங்கள் மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டும்போது தண்ணீரைத் தலையில் ஊற்றுவதற்கு முன் கையை விட்டுப் பார்ப்போம், சுடுகிறதா என்று. அவருக்குச் சுடும் என்று.

அவருடைய நானா, அதாவது அண்ணன், என் மூத்த மச்சான், அலவத்துகொடயில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனது அவர்தான். தூரத்தில் நிறுத்தி முகத்தைக் காட்டினார்களாம். எரிப்பதற்குச் சம்மதம் கேட்டபோது கையெழுத்து வைக்க மறுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். சம்மதம் இல்லாமலே அன்றைக்கு எரித்தார்கள். பிறகு, வந்து சாம்பலை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறிவித்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் பல குடும்பங்கள் சாம்பலை வாங்கவில்லை. வாங்கினால் நாமே எரித்ததை ஏற்றுக்கொண்டது போலாகிவிடும் என்றார்கள். மச்சானும் அப்படித்தான். அவர் வந்து எங்கள் முன்ஹோலில் கதிரையில் உட்கார்ந்தார். நான் அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, சாம்பல் எங்களுக்கு வேணாமெண்டு செல்லி அனுப்பட்டா? எரிச்சவங்களே வெச்சிக்கொள்ளட்டும். என்ன செல்றீங்க?"

எனக்குக் குரல் வரவில்லை. அவர் ஒருமுறை செருமினார். பிறகு "சரி" என்று எழும்பிப் போய்விட்டார். எங்கள் பழக்கம் அது. நிக்காஹ்வின்போது பெண்ணிடம் சம்மதம் கேட்டு வருவார்கள். அவள் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று போய்விடுவார்கள். எனக்கும் இருபது வயதில் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு என் மௌனத்துக்கு உண்மையாகவே சம்மதம் என்றுதான் அர்த்தம். இப்போது அப்படியில்லை.

எனக்கு அவர் வேண்டும். சாம்பலாக இருந்தாலும் வேண்டும். மையவாடியில் ஒரு மூலையில் குழி தோண்டி வைத்துவிட்டு, இதுதான் அவருடைய இடம் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்க நினைத்தேன். இரவும் பகலும் அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நோயும் பட்டினியும் இல்லாமல் ஒரு மனுஷி உள்ளுக்குள் இப்படி எரிய முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது.

என் மச்சியிடம், அதாவது கணவரின் தங்கையிடம், சொல்லிப் பார்த்தேன். அவள் பல வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து எங்களோடு இருப்பவள். யாருக்கும் பயப்படாதவள், நானாவைத் தவிர.

"நான் போய்ச் செல்லினா நானா எனக்கு ஏசுவார் மச்சி. தங்கச்சிட பேச்ச எங்க கேக்கிறார்? நீங்க பொஞ்சாதி. நீங்க செல்லணும்."

"எனக்கு ஏலா."

"அப்ப யாருக்கு ஏலும்? பக்கத்து ஊட்டுக்காரருக்கா?"

அடுத்த கிழமை மச்சான் போன் எடுத்து அவளிடம் சொன்னார்: எடுக்காத சாம்பலை வருகிற வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்திருக்க மாட்டார்களாம். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுவாராம்.

அந்தச் சனிக்கிழமைதான் மகள் டீவிக்குத் தூசு தட்டப் போனாள். பென் டிரைவ் டீவியின் பின்னால் செருகியபடியே இருந்தது. அவள் அதைக் கழற்றவில்லை, என்னைப் பார்த்தாள்.

"போடு மகள்" என்றேன்.

"மவுத்தூட்டிலயா?" என்றாள் மச்சி. "ஆக்கள் கேட்டா என்ன செல்ற?"

"சத்தத்தக் கொறை. அவர் கடைசியா என்ன பாத்தாரெண்டு பாக்கணும்."

மகள் தேடிப் பார்த்தாள். கடைசியாகச் சேர்த்திருந்தது ஒரு ஸ்பானிஷ் பேய்ப்படம். அதன் அடியில் அரபு எழுத்து ஓடியது. யாரோ அரபு நாட்டிலிருந்து வந்தவர் கொடுத்திருக்க வேண்டும். "இங்கிலீஷ் போட்டா நான் கொஞ்சம் செல்லுவேன். இதில இங்கிலீஷ் இல்ல உம்மா" என்றாள். மச்சி திரைக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எறும்பு போற மாதிரி ஈக்கி. நீங்க வாசிங்க மச்சி, நான் செல்றேன்."

அரபு எழுத்து என்றால் நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பேரீச்சம்பழப் பைக்கற்றில் அரபு எழுத்து இருந்தால்கூட குப்பையில் போட மாட்டோம், மடித்து உயரத்தில் வைப்போம். நான் எழும்பிப் போய்க் கை, முகம், கால் கழுவி வுளுச் செய்துகொண்டு வந்தேன். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு டீவியின் முன்னால் பாயில் உட்கார்ந்தேன்.

"பேய்க்கு வுளு எடுத்த மொதல் ஆள் நீங்கதான்" என்றாள் மச்சி.

மகள் ஒவ்வொரு வரியாக நிறுத்தினாள். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் நாங்கள் உச்சரிப்போம். இதில் குறி ஒன்றும் இல்லை. மொட்டை எழுத்துகளாக நின்றன. ஊகித்து ஊகித்து வாசித்தேன். என்னையறியாமல், மவுத்தானவர்களுக்காக யாஸீன் அத்தியாயம் ஓதும் ராகம் வந்துவிட்டது.

"மச்சி, நீட்டாதீங்க. இது யாஸீனா? கதைக்கிற மாதிரி வாசிங்க."

"எனக்கு இப்பிடித்தான் வரும்."

"மாமி, அந்தப் பொம்புள என்ன செல்றா?" என்று மகள் அவசரப்படுத்துவாள்.

"பொறு புள்ள. தண்ணி எண்டு செல்றா. ஊடு எண்டு செல்றா. அங்கால என்னமோ. எனக்குத் தெரிஞ்சது சட்டி கழுவுற அரபு. இது பெரிய ஆக்கள்ட அரபு."

இப்படித்தான் போயிற்று. ஒரு பின்னேரத்துக்கு இருபது நிமிடப் படம்கூட ஓடாது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டதால் வெளியே கேட்டதெல்லாம் என் குரல் மட்டும்தான். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்மணி மதிலுக்கு மேலால் ஒரு கோப்பையில் இலைக்கஞ்சி நீட்டி மகளிடம் சொன்னாளாம்: "உம்மா லுஹர் தொழுதுட்டு எந்நாளும் ஓதுறது கேக்குது. அல்லாஹ் கபூல் செய்யட்டும்." மகள் கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்து, அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாப்பா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன், சிரித்த வாயோடு அழுதேன். மச்சி கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஓதினதுக்கு எனக்கும் பங்கு ஈக்கிதானே" என்றாள்.

படத்தின் கதை எங்களுக்கு விளங்கியவரை இதுதான். மலையடிவாரத்தில் ஒரு ஊர். அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியதில் ஊரின் பள்ளப்பகுதி மூழ்கிவிடுகிறது. மூழ்கியது இடுகாடு, அதாவது அவர்கள் மையத்தை அடக்கும் தோட்டம். தெல்தெனியாப் பழைய டவுனும் இப்படித்தான் தண்ணீருக்குள் போனது என்று மச்சி நடுவில் ஒரு கதை சொன்னாள். படத்தில் ஊரார் தங்கள் ஆட்களின் எலும்புகளை முன்கூட்டியே தோண்டி மேட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஒரு பெண்ணின் புருஷனை மட்டும் எடுக்க முடியாமல் போகிறது. ஏன் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள், எழுத்து வேகமாக ஓடியது. மகள் திருப்பித் திருப்பிப் போட்டும் மச்சி கையை விரித்துவிட்டாள்.

அந்தப் புருஷன் வருகிறான். ராத்திரியில் அல்ல, பகலில், எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் வருகிறான். கதவைத் தட்டுவதில்லை, பயமுறுத்துவதில்லை. அடுப்படியில் வந்து நிற்பான். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் கட்டி நிற்கும். மனைவி துணியை எடுத்துத் துடைப்பாள். மறுநாளும் வருவான், மறுநாளும் துடைப்பாள். அவன் வாய் திறப்பதேயில்லை.

முதல் தடவை அவன் வந்து நின்றபோது எங்களுக்கு வந்தது பயம் அல்ல. மகள் படத்தை நிறுத்திவிட்டாள். திரையில் அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான, வயதான, கன்னம் ஒட்டிய மனிதன். என் கணவரின் சாயல் ஒரு துளிகூட இல்லை. எனக்கு அவரைப் போலவே இருந்தது.

"ஓடவிடு" என்றேன்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும் உம்மா" என்றாள் அவள்.

புதன்கிழமை பின்னேரம் படம் முடிந்தது. கடைசியில் அந்தப் பெண் கணவனின் பழைய கோட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் பின்னால் தானே குழி தோண்டிப் புதைக்கிறாள். மேலே ஒரு கல்லும் வைக்கிறாள். அடுத்த நாள் பகல் அவன் வரவில்லை. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் காத்திருக்கிறாள். தரை காய்ந்து கிடக்கிறது. பல நாள் அப்படிப் போகிறது. பிறகு ஒருநாள் மழையில் ஓடிப்போய், வெறுங்கையால் மண்ணைத் தோண்டிப் பெட்டியை வெளியே எடுத்து, கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்துவைத்து உட்காருகிறாள். அதோடு படம் முடிகிறது. அந்தப் பகுதியில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் நான் வாசிப்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

டீவி கறுத்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை.

"அவவுக்குப் பைத்தியம்" என்றாள் மகள். "அந்த மனிசன் நிம்மதியாப் படுத்தீந்தார். தன்ட ஆசைக்கு அவர திருப்பி எழுப்பிட்டா."

மச்சி தலையை ஆட்டினாள். "அது அவர் இல்ல புள்ள. மவுத்தானவங்க திரும்பி வாறல்ல. வந்தது ஜின். மனிசன்ட சாயலில வரும். குவைத்தில நான் நிண்ட ஊட்டிலயும் ஒண்டு வந்திச்சி."

"மாமி நிண்ட எல்லா ஊட்டிலயும் ஒண்டு வந்தீக்கி."

"பகிடி பண்ணாத. சாயலப் பாத்து ஏமாறப் போடா எண்டுதான் செல்றேன்."

"ஜின் எண்டாலும்," என்றேன் நான், "சாயல் அவர்டதானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மச்சி கிட்ட வந்து என் முழங்காலில் கை வைத்தாள்.

"மச்சி, அப்பிடி நெனைக்காதீங்க. ஈமான் போயிரும்."

"நான் ஒண்டும் நெனைக்கல்ல. பகலைக்கு அடுப்படியில நிக்கக்குள்ள தரையப் பாக்கிறேன். அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் வாயால் வந்துவிட்டது என்று தெரிந்தது. படத்தின் முதல் நாளிலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டி கழுவிய தண்ணீர் கீழே சிந்தியிருந்தால் உடனே துடைக்காமல், அது எங்கிருந்து வந்தது என்று நின்று யோசிப்பேன். ஒருநாள் தண்ணீரே இல்லாத இடத்தைத் துணியால் துடைத்தேன்.

மகள் அழத் தொடங்கினாள். "எனக்கு வாப்பா வர வேணாம் உம்மா. ஜின்னாவும் வேணாம், பேயாவும் வேணாம். இந்தா, இந்த எடத்திலதான் படுத்தீக்கிறார் எண்டு யாராச்சும் செல்லினாப் போதும். அந்தப் பொம்புளக்கி ஒரு கோட்டாவது ஈந்திச்சி. எங்களுக்கு என்ன ஈக்கி? உடுத்திட்டுப் போன உடுப்பையும் எரிச்சிட்டாங்க. என்ட செருப்பையும் எரிச்சிட்டாங்க."

மாற்றிப் போட்டுக்கொண்டு போன அந்த ஒற்றைச் செருப்பை அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நானும் அவளும் ஒரே விஷயத்தை இரண்டு அறைகளில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை என்பதால் யாரும் அவளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள், நான் சொல்லவில்லை.

அன்றிரவு மச்சி எனக்குப் பயிற்சி கொடுத்தாள். "ஓதிக் குடுக்கிற மாதிரி செல்லுங்க. நானாவ ஒரு சின்னப் புள்ளையா நெனைங்க. அவர் அலிஃபுக்கும் லாமுக்கும் வித்தியாசம் தெரியாமத் திரிஞ்ச காலம் எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு மச்சான் வந்தார். மச்சி அவருக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுபோய் வைத்தாள். நான் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் மகள் நின்றாள்.

"அப்ப தங்கச்சி, நான் நாளைக்கு வேணாமெண்டு செல்லி முடிச்சிர்றேன். அதுதான் எங்கட எல்லாருக்கும் கண்ணியம்" என்றார். கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கதிரை அசைந்தது. எழும்பிவிட்டார்.

"மச்சான்" என்றேன்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருடத்தில் நான் அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கதிரை திரும்ப அசைந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வேணும். எடுத்துட்டு வாங்க."

அவர் மெல்லிய குரலில், "தங்கச்சி, அது என்னண்டு தெரியுமா? ஒரு சட்டி. அதில ஈக்கிறது அவனெண்டு என்ன நிச்சயம்? அதக் கொண்டந்தா, நாங்க ஏத்துக்கிட்டோமெண்டு ஆவும். நாளைக்கு இன்னொரு ஊட்டு மையத்த எரிக்கக்குள்ள, இவங்களே வாங்கினாங்கதானே எண்டு செல்லுவாங்க" என்றார்.

"செல்லட்டும்."

"என்ன?"

"செல்லட்டும் மச்சான். நீங்க ஏத்துக்க வேணாம். நானும் ஏத்துக்கல்ல. எரிச்சது அநியாயம். ஆனா அந்த அநியாயம் அவங்ககிட்ட ஈக்கட்டும், அவர் எங்ககிட்ட வரட்டும். மையவாடியில ஒரு ஓரத்தில வைங்க. தராட்டி எங்கட வளவில சாதிக்கா மரத்துக்குக் கீழ வைங்க. நான் பாக்க வர மாட்டேன், இத்தா முடியட்டும். எங்கயெண்டு மட்டும் எனக்குத் தெரியணும். எங்கயெண்டு தெரியாம எனக்கு இருக்க ஏலாது மச்சான். எனக்குப் புத்தி மாறிட்டுப் போவுது."

சொல்லி முடித்தபோது மகள் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மச்சி திரைச்சீலையின் மறுபக்கத்தில், அவருக்கு முன்னால் நின்று, "நானா, பொஞ்சாதி கேக்கிறா" என்று மட்டும் சொன்னாள்.

மச்சான் நெடுநேரம் செருமிக்கொண்டிருந்தார். "காலையிலயே போறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மழை. நான் முன்ஹோலைக் கழுவினேன். பிறகு ஏன் கழுவினேன் என்று யோசித்தேன். மையம் வீட்டுக்கு வரும்போது கழுவுவது போலச் செய்துவிட்டேன். மகள் அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி எடுத்து மடித்து வைத்தாள். மச்சி பகலைக்குச் சோறு சமைத்தாள், யாரும் போட்டுத் தின்னவில்லை. வாசலில் த்ரீவீல் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அறைக்குள் ஓடித் திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

மச்சான் பின்னேரம் வந்தார். உள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லை என்று மகள் ஜன்னலால் பார்த்துச் சொன்னாள்.

"இல்லையாம் தங்கச்சி" என்றார் அங்கிருந்தே. "எடுக்காததெல்லாம் போன கெழமையே துப்புரவாக்கிட்டாங்களாம். இந்த வெள்ளிக்கிழம எண்டு எனக்குச் செல்லினது வேற ஆள். இவங்களுக்கு அது தெரியாதாம். பின்னுக்குக் குழி தோண்டிப் போட்டாங்களாம். எல்லார்ட சாம்பலையும் ஒண்டா. எந்தக் குழியெண்டு கேட்டேன், காட்ட ஏலாதெண்டுட்டாங்க. பகல் வரைக்கும் நிண்டு கேட்டேன். ஒரு பொடியன் மட்டும் வந்து, 'மாத்தயா, மழ பேயுது, ஊட்ட போங்க' எண்டான்."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. மச்சான் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து நிறுத்தி, பிறகு சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

"அண்டைக்கு நான் வந்து கேக்கக்குள்ளயே ஒரு வார்த்த செல்லியிருந்தீங்கண்டா..."

"நீங்க கேட்டுட்டு நிக்கல்ல மச்சான்" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார் என்று மச்சி பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மகள் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து அலுமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

என் இத்தா முடிவதற்குச் சற்று முன்னோ பின்னோ சட்டம் மாறியது. அந்த நோயில் மவுத்தானவர்களை அடக்கலாம், ஆனால் கிழக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் என்றார்கள். எங்கள் ஊரிலும் ஒருவர் மவுத்தானார். அவரை லொறியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவியைப் பார்க்க நானும் மச்சியும் போனோம். இத்தாவுக்குப் பிறகு நான் போன முதல் வீடு அது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயோ கொண்டுபோய் வெச்சிட்டாங்க, ஒரு நாள் முழுக்க பஸ்ஸில போகணும்" என்று அழுதாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

நான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள், இதை அனுபவித்தவள் என்று. எனக்கோ அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போனால் போய் நிற்கலாம். நம்பர் போட்ட பலகை இருக்கும் என்று அவளுடைய மகன் வேறு சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பலகையின் நம்பரை அவள் வாய்க்குள் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் மச்சி, "என்ன மச்சி, ஒண்டும் கதைக்கல்ல?" என்றாள்.

"வெள்ளிக்கிழமயில அவருக்கு யாஸீன் ஓதக்குள்ள நான் எந்தப் பக்கம் பாத்து ஓதுற மச்சி?" என்று கேட்டேன்.

அவள், நாம் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து ஓதுங்கள், அது போய்ச் சேரும் என்றாள். அது எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.